வந்தவழி இயந்திரம்: செத்துப்போன லிங்க்குகளுக்கு நான் நம்பும் பரண்

நான் ஒரு சின்னப் பதிப்பகத்தில் மெய்ப்பு பார்க்கிறேன். ஒற்றுப்பிழை, சந்திப்பிழையோடு அடிக்குறிப்புகளைச் சரிபார்ப்பதும் என் வேலைதான். இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு பள்ளி ஆசிரியை எங்களுக்குப் போன் செய்தார். நாங்கள் 2013-ல் போட்ட ஏரிகள் பற்றிய புத்தகத்தில் ஒரு அடிக்குறிப்பில் இணைய முகவரி கொடுத்திருந்தோம், அதை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு முன்னால் ப்ரொஜெக்டரில் திறந்திருக்கிறார், ரம்மி விளையாட்டு விளம்பரம் திரை முழுக்க வந்து நின்றிருக்கிறது. அவர் கோபமாகக்கூடப் பேசவில்லை. "நீங்க போட்ட புக்குன்னு நம்பித்தாங்க திறந்தேன்" என்று மட்டும் சொன்னார். அந்த முகவரியை வைத்திருந்த சின்ன அமைப்பு ஆண்டுக் கட்டணம் கட்டாமல் விட்டிருக்கிறது, பெயர் ஏலத்துக்குப் போய் வேறு யாரோ வாங்கிவிட்டார்கள். எங்கள் அடிக்குறிப்பு அப்படியே அச்சில் நிற்கிறது, அது காட்டும் இடம் மட்டும் வேறு வீடாகிவிட்டது.

அந்தப் போனுக்குப் பிறகு பதிப்பாளர் அண்ணன் இரண்டாம் பதிப்புக்கு முன்னால் எல்லா லிங்க்கையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கச் சொன்னார். மொத்தம் 58. மூன்று நாள் உட்கார்ந்தேன். பாதிக்கு மேல் போயிருந்தது. அந்த மூன்று நாளில் என்னைக் காப்பாற்றியதும், அதற்குப் பிறகு நான் கையில் எடுக்கிற ஒவ்வொரு புத்தகத்துக்கும் பயன்படுத்துவதும் வேபேக் மெஷின், பழைய வலைப் பக்கங்களின் பிரதிகளைத் தேதியோடு சேர்த்து வைத்திருக்கும் இணையச் சேவை. இது அதைப் பற்றிய விமர்சனம். நீளமாகத்தான் எழுதப் போகிறேன், ஏனென்றால் தமிழில் எழுதுகிறவர்கள், ஆராய்ச்சி மாணவர்கள், வீட்டு வரலாறு, ஊர் வரலாறு திரட்டுகிறவர்கள் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை, தெரிந்தவர்களும் பாதிதான் பயன்படுத்துகிறார்கள்.

முதலில் லிங்க் எப்படியெல்லாம் சாகிறது என்று சொல்லிவிடுகிறேன். எல்லோருக்கும் தெரிந்தது 404, பக்கம் இல்லை என்று நேராகச் சொல்லிவிடும், அது நாணயமான சாவு. இரண்டாவது, பழைய பக்கத்தைத் தேடிப் போனால் தளத்தின் முகப்பில் கொண்டுபோய் விட்டுவிடும். பக்கம் திறக்கிறதே என்று அவசரத்தில் சரி போட்டுவிட்டுப் போய்விடுவோம், ஆனால் நமக்கு வேண்டிய அட்டவணை அங்கே இருக்காது. மூன்றாவது அந்த ரம்மி கதை. நான்காவதுதான் எனக்குப் பெரிய பயம்: லிங்க் நன்றாகத் திறக்கும், தலைப்புகூட அதேதான், உள்ளே இருக்கிற எண் மாறியிருக்கும். நூலாசிரியர் 2012-ல் பார்த்து எழுதிய எண்ணும் இன்று அந்தப் பக்கத்தில் இருக்கும் எண்ணும் வேறு. வாசகர் சரிபார்த்தால் நூலாசிரியர் தப்பாக எழுதிவிட்டார் என்றுதான் நினைப்பார்.

இது ஏதோ நம் ஊர்ப் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் பியூ ஆராய்ச்சி மையம் 2024-ல் வெளியிட்ட ஆய்வில், 2013-ல் இருந்த இணையப் பக்கங்களில் 38 சதவீதம் பத்து வருடத்தில் கிடைக்காமல் போய்விட்டதாகக் கண்டார்கள். அதே ஆய்வில் ஆங்கில விக்கிப்பீடியா பக்கங்களைப் பார்த்தபோது 54 சதவீதப் பக்கங்களில் மேற்கோள் பகுதியில் ஒரு செத்த லிங்க்காவது இருந்திருக்கிறது. இன்னொன்று அடிக்குறிப்பு வேலை செய்கிற எனக்கு வயிற்றைக் கலக்கியது. அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் மேற்கோள் காட்டிய இணைய முகவரிகளில் பாதி, முதலில் காட்டிய தகவலைக் காட்டவில்லை என்று ஹார்வர்டு சட்டப் பேராசிரியர்கள் பத்து வருடத்துக்கு முன்பே எழுதியிருக்கிறார்கள். தீர்ப்பிலேயே அப்படி என்றால் எங்கள் ஏரிப் புத்தகம் எம்மாத்திரம்.

ஏன் இப்படி என்பதற்குக் காரணம் வலையின் பிறப்பிலேயே இருக்கிறது. 1989 மார்ச்சில் டிம் பெர்னர்ஸ்-லீ ஜெனீவாவுக்குப் பக்கத்தில் செர்ன் ஆய்வுக்கூடத்தில் தன் யோசனையை எழுதிக் கொடுத்தபோது அங்கே இருந்த சிக்கலே தகவல் தொலைவதுதான். ஆட்கள் வருவார்கள், இரண்டு வருடம் வேலை செய்வார்கள், போய்விடுவார்கள், எது எங்கே இருக்கிறது என்பது அவர்களோடு போய்விடும். அதற்குத்தான் ஒரு குறிப்பிலிருந்து இன்னொரு குறிப்புக்கு நூல் கட்டுவது போல இணைப்பு. அதற்கு முன்பே, 1960-களிலிருந்து, டெட் நெல்சன் என்பவர் இரண்டு பக்கமும் கட்டிய இணைப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். நான் உங்களைச் சுட்டினால் அது உங்களுக்கும் தெரியும், நீங்கள் இடம் மாறினால் என் கயிறும் கூடவே வரும். பெர்னர்ஸ்-லீ அதை எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு பக்கம் மட்டும் கட்டிய இணைப்பு போதும், யாரும் யாரிடமும் கேட்காமல் யாரையும் சுட்டலாம் என்று வைத்தார். 1991 டிசம்பரில் அமெரிக்காவின் சான் அன்டோனியோவில் நடந்த ஹைப்பர்டெக்ஸ்ட் (இணைப்புகளால் கோத்த எழுத்து) மாநாட்டில் பெர்னர்ஸ்-லீ தரப்பின் கட்டுரையை ஏற்கவில்லை, செய்துகாட்ட மட்டும் இடம் கொடுத்தார்கள். ஆனால் வலை உலகம் முழுக்கப் பரவியது, அந்த அனுமதி கேட்காத தன்மையால்தான் பரவியது. அதற்குக் கொடுத்த விலை 404. நீங்கள் வீடு மாறினால் எனக்குச் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை, நான் சுட்டியது உங்களுக்குத் தெரியவே தெரியாது. 1998-ல் பெர்னர்ஸ்-லீயே இதைப் பற்றி எழுதினார், முகவரிகள் தாமாக மாறுவதில்லை, மனிதர்கள்தான் மாற்றுகிறார்கள் என்று. யாரும் கேட்ட மாதிரி தெரியவில்லை. ஒரு அலுவலகத்தில் இணையதளத்தைப் புதுப்பிக்க ஒப்பந்தம் விட்டாலே முதலில் பழைய முகவரிகள் எல்லாவற்றையும் துடைத்துவிட்டுத்தான் ஆரம்பிக்கிறார்கள்.

சரி, இயந்திரத்துக்கு வருவோம். புரூஸ்டர் கேல் என்பவர் 1996-ல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற லாப நோக்கமற்ற நூலகம், அன்றிலிருந்தே வலைப் பக்கங்களைப் பிரதி எடுத்துச் சேர்த்து வந்தது. 2001 அக்டோபரில் அதை எல்லோரும் பார்க்கத் திறந்துவிட்டார்கள், அதுதான் வேபேக் மெஷின். 2025 அக்டோபரில் சேர்த்த பக்கங்களின் எண்ணிக்கை ஒரு லட்சம் கோடியைத் தொட்டது. கட்டணம் கிடையாது, கணக்கு தொடங்க வேண்டியதில்லை, விளம்பரம் இல்லை. அவர்கள் இருக்கும் கட்டடம் ஒரு பழைய தேவாலயம். வழிபாட்டுக் கூடத்திலேயே சர்வர்கள் நிற்கின்றன, அங்கே சில வருடம் வேலை செய்தவர்களுக்கு மண்ணில் உருவம் செய்து பெஞ்சுகளுக்கு நடுவே நிறுத்தியிருக்கிறார்கள். படத்தில் பார்த்தபோது எங்கள் ஊர் ஐயனார் கோயிலில் நேர்ந்துவிட்ட மண்பொம்மைகள் வரிசையாக நிற்பதுதான் நினைவுக்கு வந்தது.

தமிழ் விக்கிப்பீடியாவில் இதற்கு வைத்திருக்கும் பெயர் வந்தவழி இயந்திரம். கட்டுரைகளின் அடியில் மேற்கோள் பட்டியலில் 'பரணிடப்பட்டது' என்று ஒரு சொல்லும் தேதியும் பார்த்திருப்பீர்கள், பக்கத்திலேயே இந்த இயந்திரத்தின் பெயரும் இருக்கும். அதற்கு அர்த்தம், மூலப் பக்கம் போனாலும் போகட்டும், ஒரு பிரதி மேலே ஏற்றி வைத்திருக்கிறோம் என்பது. இந்தச் சொல்லை யார் முதலில் போட்டார்களோ அவர்களுக்கு ஒரு கும்பிடு. பரண் என்பது நாம் தினமும் தொடுகிற இடம் இல்லை, தூசி படியும், பெரிய பாத்திரமும் பழைய தொட்டிலும் அங்கேதான் இருக்கும், ஆனால் வேண்டும் என்கிற நாளில் ஏணி போட்டு ஏறினால் இருக்கும். ஆவணக் காப்பகம் என்றால் எனக்கு ஒரு அலுவலகமும் பூட்டும்தான் தோன்றுகிறது, பரண் என்றால் வீடு தோன்றுகிறது.

இப்போது ஒரு தேடலை அப்படியே காட்டுகிறேன். ஏரிப் புத்தகத்தை எழுதிய ஐயா பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வு பெற்ற பொறியாளர், எண்பதைத் தாண்டியவர். அவர் புத்தகத்தில் ஒரு அத்தியாயமே ஒரு மாவட்டத்து ஏரிகளின் கொள்ளளவு அட்டவணையை வைத்துத்தான் நிற்கிறது. அந்த அட்டவணை இருந்த அலுவலகப் பக்கம் இரண்டு முறை தளம் மாற்றியதில் காணாமல் போயிருந்தது. போன் போட்டு ஐயாவிடம் கேட்டேன், அச்செடுத்து வைத்திருக்கிறீர்களா என்று. "இல்லம்மா, இன்டர்நெட்லதான் இருக்கேன்னு விட்டுட்டேன்" என்றார்.

வேபேக் மெஷினின் தேடல் கட்டத்தில் அந்தச் செத்த முகவரியை அப்படியே ஒட்டினேன். மேலே வருட வாரியாக ஒரு பட்டை வரும், 1996-லிருந்து இந்த வருடம் வரை. எந்த வருடத்தில் எத்தனை முறை பிரதி எடுத்தார்கள் என்று கறுப்புக் கோடுகள் நிற்கும், சில வருடங்களில் உயரமாக, சிலவற்றில் ஒன்றுமே இல்லாமல். எனக்கு 2009-ல் மூன்று, 2011-ல் ஒன்று, 2014-ல் ஆறு இருந்தன. வருடத்தைத் தொட்டால் கீழே பன்னிரண்டு மாத நாட்காட்டி விரியும், பிரதி உள்ள தேதிகளில் நிற வட்டம் இருக்கும். நீலம் என்றால் பக்கம் நன்றாகக் கிடைத்தது. பச்சை என்றால் வேறு முகவரிக்குத் திருப்பிவிட்டது. ஆரஞ்சு என்றால் அன்றைக்கே 404 போன்ற பிழைதான் வந்தது, சிவப்பு என்றால் சர்வரில் கோளாறு. இதைத் தெரிந்துகொள்ளாமல் ஏதோ ஒரு வட்டத்தைத் தொட்டு 'ஒன்றும் இல்லை' என்று திரும்பிவிடுகிறவர்கள் நிறைய. 2014-ன் ஆறும் ஆரஞ்சு. 2011-ல் இருந்த ஒன்று பச்சை. 2009-ல் இரண்டு நீல வட்டம். தொட்டேன், மெல்ல மெல்ல, முதலில் பெயர்ப்பலகை, அப்புறம் ஓரத்துப் பட்டியல், கடைசியில் அட்டவணை வந்தது. வரிசை எண், ஏரியின் பெயர், ஆயக்கட்டு, கொள்ளளவு. ஐயாவுக்குப் போன் போட்டு, "கிடைச்சிருச்சுங்கய்யா" என்றேன். "எத்தனாவது வரிசை வரைக்கும் இருக்கும்மா?" என்று கேட்டார். கடைசி வரை இருக்கிறது என்றதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் ஒவ்வொரு ஏரியாகப் பெயர் சொல்லிக் கேட்டார், நான் எண்ணைப் படித்தேன். புத்தகத்தில் ஒரு இடத்தில் தசமப் புள்ளி இடம் மாறியிருந்தது அப்போதுதான் தெரிந்தது, பன்னிரண்டு வருடமாக அச்சில் இருந்த பிழை.

அந்தப் பக்கத்தின் முகவரியைக் கவனித்தால் நடுவில் 14 இலக்க எண் ஒன்று இருக்கும். வருடம் நான்கு, மாதம் இரண்டு, தேதி இரண்டு, மணி, நிமிடம், நொடி தலா இரண்டு. இதுதான் இந்தச் சேவையின் அழகு என்று சொல்வேன். ஒரு சாதாரண லிங்க் 'எங்கே' என்று மட்டும் சொல்கிறது, இது 'எங்கே, எப்போது' என்று இரண்டும் சொல்கிறது. எண்ணை முழுக்கப் போடாவிட்டாலும், கையாலேயே வேறு வருடத்தை அடித்தாலும், அதற்கு அருகில் உள்ள பிரதிக்குக் கொண்டுபோய்விடும். ஒரே பக்கம் வருடத்துக்கு வருடம் எப்படி மாறியது என்று எண்ணை மாற்றி மாற்றிப் பார்க்கலாம். நான்காவது வகைச் சாவு என்று சொன்னேனே, எண் மாறிய பக்கம், அதைப் பிடிக்க எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல வழி இல்லை. ஒரே ஒரு எச்சரிக்கை, நேரம் கிரீன்விச் நேரம். நம் ஊரில் ஜூன் 5 விடிகாலை 4 மணிக்குச் சேமித்தால் அதில் ஜூன் 4, இரவு 10.30 என்றுதான் விழும். அடிக்குறிப்பில் தேதி போடும்போது இதைக் கவனியுங்கள்.

தேடிப் போவதை விட முக்கியமானது முன்கூட்டியே சேமிப்பது. 2013-லிருந்து யார் வேண்டுமானாலும் ஒரு பக்கத்தின் முகவரியைக் கொடுத்து இப்போதே பிரதி எடு என்று சொல்லலாம். முகப்பிலேயே அதற்கு ஒரு கட்டம் இருக்கிறது. சில நொடியிலும் முடியும், சில சமயம் ஒன்றிரண்டு நிமிடமும் ஆகும், முடிந்ததும் நிரந்தர முகவரி தரும். இலவசக் கணக்கு ஒன்று வைத்துக்கொண்டால் அந்தப் பக்கத்திலிருந்து போகும் லிங்க்குகளையும் சேர்த்து எடுக்கச் சொல்லலாம், பக்கம் திரையில் தெரிவதை அப்படியே படமாகவும் (ஸ்கிரீன்ஷாட்) பிடித்து வைக்கும். இப்போது எங்கள் வழக்கம் இதுதான், நூலாசிரியர் கைப்பிரதி கொடுத்த அன்றே அதில் உள்ள எல்லா முகவரிகளையும் ஏற்றிவிடுகிறேன், மெய்ப்பு பிறகுதான். அடிக்குறிப்பில் மூல முகவரி, பார்த்த தேதி, பரணில் உள்ள பிரதியின் முகவரி, மூன்றும் போகும். அச்சுப் புத்தகத்தில் இவ்வளவு நீள முகவரியை யார் தட்டச்சு செய்வார்கள் என்று பதிப்பாளர் அண்ணன் கேட்டார், நியாயமான கேள்விதான், அதனால் அத்தியாயத்துக்கு ஒரு கியூஆர் கட்டம் வைக்க ஆரம்பித்திருக்கிறோம்.

நீள முகவரி என்றதும் தமிழ் முகவரிகளைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழ் விக்கிப்பீடியா போன்ற இடங்களில் முகவரியே தமிழில் இருக்கும், உலாவியில் பார்க்க அழகாக இருக்கும், நகல் எடுத்து ஒட்டினால் சதவீதக் குறிகளும் எண்களும் ஆங்கில எழுத்துகளுமாகச் சிதறிவிடும். காரணம், எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடில் நம் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட், ஒவ்வொரு பைட்டும் முகவரியில் மூன்று குறி. 'ஏரி' என்ற இரண்டெழுத்துச் சொல்லில் ஏ, ர, இகரக் கொக்கி என்று மூன்று எழுத்துக் குறி இருப்பதால் அது 27 குறி ஆகிறது, 'தமிழ்' 45 ஆகிறது. பல பேர் இதைப் பார்த்து லிங்க் கெட்டுவிட்டது என்று நினைத்து வெட்டிவிடுகிறார்கள், வெட்டினால்தான் கெடும். வேபேக் மெஷினில் அந்தச் சிதறிய வடிவத்தை முழுசாக ஒட்டினால் சரியாக எடுத்துக்கொள்கிறது.

இன்னொரு தமிழ்ச் சிக்கல் பழைய பக்கங்கள். 2005-க்கு முந்தைய தமிழ்ப் பக்கத்தைத் திறந்தால் பெரும்பாலும் தமிழே தெரியாது, மேலே கோடு போட்ட ஐரோப்பிய எழுத்துகளும் பின்னக் குறிகளும் குவியலாகக் கிடக்கும். அது பரணின் குற்றம் அல்ல. யூனிகோடு பரவலாவதற்கு முன்பு டிஸ்கி என்று ஒரு குறியீடு, 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டி டாம், டாப் என்று இரண்டு, அது போக ஒவ்வொரு பத்திரிகைக்கும் சொந்த எழுத்துரு. அந்த எழுத்துரு உங்கள் கணினியில் இருந்தால்தான் தமிழ், இல்லையென்றால் குப்பை. பக்கத்தோடு எழுத்துருவையும் அனுப்பும் பழைய ஏற்பாட்டை இன்றைய உலாவிகள் கண்டுகொள்வதில்லை. ஆனால் கவனியுங்கள், அந்தக் குவியலில் ஒரு பைட்கூடத் தொலையவில்லை. அப்படியே நகல் எடுத்து, பொங்கு தமிழ் மாற்றியிலோ என்.எச்.எம். கன்வெர்ட்டரிலோ போட்டு, எந்தக் குறியீடு என்று ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். இரண்டாவது மூன்றாவது முயற்சியில் பளிச்சென்று தமிழ் எழுந்து வரும். முதல் முறை அப்படி ஒரு கட்டுரை எழுந்து வந்தபோது எனக்குக் கை நடுங்கியது, உண்மையாகவே. மேல்பட்டை இல்லாமல் மூலத்தை அப்படியே பார்க்க வேண்டுமென்றால் 14 இலக்க எண்ணின் வாலில் ஐ, டி என்ற இரண்டு ஆங்கிலச் சிற்றெழுத்துகளும் ஒரு அடிக்கோடும் சேர்த்துப் பாருங்கள். இது எங்கும் பெரிதாக எழுதி வைத்திருக்க மாட்டார்கள், பழைய தமிழ்ப் பக்கங்களைத் தோண்டுகிறவர்களுக்குக் கட்டாயம் தேவைப்படும்.

குறைகள் இருக்கின்றன. எல்லாம் கிடைக்காது. ஒரு பக்கத்தை யாரும் சுட்டாமல், யாரும் சேமிக்காமல் இருந்தால் இவர்களுடைய தானியங்கி நிரல் அதைப் பார்த்தே இருக்காது, தமிழில் அப்படிப்பட்ட பக்கங்கள் அதிகம். கடவுச்சொல் போட்டு உள்ளே போக வேண்டியவை கிடைக்காது. பட்டியலிலிருந்து மாவட்டம், வட்டம், கிராமம் என்று தேர்ந்தெடுத்து 'தேடு' அழுத்தினால் வரும் அரசுத் தரவுகள் இருக்கின்றனவே, அவை கிட்டத்தட்ட முழுக்கத் தொலைந்த மாதிரிதான், பரணில் வெறும் படிவம் மட்டும் நிற்கும், பின்னால் இருந்த தரவு வராது. வீடியோவும் நிறைய இடங்களில் ஓடாது. சொல்லைப் போட்டுத் தேடவும் முடியாது, பக்கத்தின் முகவரி தெரிந்திருக்க வேண்டும். தளங்களின் பெயரை ஓரளவு தேடலாம், அவ்வளவுதான். ஒரு லட்சம் கோடிப் பக்கத்துக்குள் சொல் தேடல் கொடுப்பது லேசான காரியம் இல்லை என்று புரிகிறது, இருந்தாலும் வாசகருக்கு இது பெரிய தடை.

இன்னொன்று நுட்பமானது, அடிக்குறிப்பு எழுதுகிறவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு பக்கம் என்பது ஒரே பொருள் இல்லை, எழுத்து ஒரு கோப்பு, ஒவ்வொரு படமும் தனிக் கோப்பு. எழுத்தை 2009 மார்ச்சில் எடுத்திருப்பார்கள், அதில் உள்ள வரைபடத்தை 2011-ல்தான் எடுத்திருப்பார்கள். திறக்கும்போது இரண்டையும் சேர்த்து ஒரே பக்கமாகக் காட்டும். அன்றைக்கு அப்படி ஒரு பக்கம் இருந்ததே இல்லை. மேல்பட்டையில் இந்தப் பிரதியைப் பற்றி என்று ஒரு இடம் இருக்கிறது, அதைத் திறந்தால் ஒவ்வொரு கோப்பும் எவ்வளவு முன்னே பின்னே எடுக்கப்பட்டது என்று காட்டும். படத்தையோ வரைபடத்தையோ ஆதாரமாக வைப்பவர்கள் அதைப் பார்க்காமல் எழுதக் கூடாது.

அப்புறம், எல்லா முட்டையும் ஒரே கூடையில் என்ற பயம். 2017 ஆகஸ்டில் இரண்டு இந்திப் படங்களின் திருட்டுப் பிரதிகளைத் தடுக்கச் சென்னை உயர் நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவுகளின் பேரில் 2,600-க்கும் மேற்பட்ட தளங்கள் முடக்கப்பட்டன, அந்தப் பட்டியலில் இன்டர்நெட் ஆர்க்கைவும் இருந்தது. இந்தியாவில் இருந்த வாசகர்களுக்குப் பரண் கதவு மூடிக்கொண்டது, காரணம் என்னவென்று ஆர்க்கைவ்காரர்களுக்கும் முதலில் தெரியவில்லை. பிறகு திறந்தது. 2024 அக்டோபரில் இணையத் தாக்குதல் நடந்தது, 3 கோடியே 10 லட்சம் பயனர் கணக்குகளின் விவரம் கசிந்தது, தளம் சில நாட்கள் படுத்தே கிடந்தது, திரும்பி வந்தபோது முதலில் படிக்க மட்டும்தான் முடிந்தது, புதிதாகச் சேமிக்க முடியவில்லை. கணக்கு வைத்திருப்பவர்கள் கடவுச்சொல்லை இன்னும் மாற்றவில்லை என்றால் இப்போதே மாற்றிவிடுங்கள். 2025 ஆகஸ்டில் ரெடிட் என்ற விவாதத் தளம், தன் முகப்பைத் தவிர மற்ற பக்கங்களை இவர்கள் எடுக்க விடப்போவதில்லை என்று அறிவித்தது. செயற்கை நுண்ணறிவு நிறுவனங்கள் இந்த வழியாக வந்து தகவலை அள்ளுகின்றன என்பது அவர்கள் சொன்ன காரணம். நாளிதழ்களும் ஒவ்வொன்றாக இதே வழியில் கதவைச் சாத்தினால் அடிக்குறிப்பு எழுதுகிற எல்லோருக்கும் அது பெரிய இழப்பு, எனக்கு இது உண்மையிலேயே கவலையாக இருக்கிறது.

அதனால் நான் இரண்டு இடத்தில் வைக்கிறேன். வேபேக் மெஷினில் ஒரு பிரதி, எங்கள் அலுவலகக் கணினியில் பிடிஎஃப்-ஆக ஒரு பிரதி. ஹார்வர்டு சட்ட நூலகம் நடத்தும் பெர்மா என்ற சேவையும் இருக்கிறது, நீதிமன்றங்களும் சட்ட இதழ்களும் பயன்படுத்துகின்றன. நன்றாக இருக்கிறது, ஆனால் தனியாளுக்கு இலவசமாகக் கிடைப்பது கொஞ்சம்தான். எங்கள் அளவுக்குப் பரணே போதும்.

வேகத்தைப் பற்றிக் கேட்பீர்கள். மெதுவாகத்தான் இருக்கும். வட்டத்தைத் தொட்டுவிட்டு ஒரு வாய் தண்ணீர் குடிக்கலாம். தொடர்ந்து பத்து இருபது முகவரியை ஒரே மூச்சில் சேமிக்கக் கொடுத்தால் கொஞ்சம் பொறு என்று நிறுத்திவைக்கும். உலாவியில் சேர்க்கிற நீட்சி ஒன்றை அவர்களே தருகிறார்கள், 404 வந்தால் பழைய பிரதி இருக்கிறது என்று அதுவே சொல்லிவிடும், அதைப் போட்டுக்கொள்ளுங்கள், பாதி வேலை மிச்சம். விக்கிப்பீடியாவில் இதே வேலையை ஒரு தானியங்கி நிரல் செய்கிறது, 2018-க்குள்ளேயே கிட்டத்தட்ட 60 லட்சம் செத்த லிங்க்குகளுக்கு உயிர் கொடுத்திருந்தது.

இரண்டாம் பதிப்பு போன வருடம் வந்தது. 58-ல் ஏழு லிங்க்குகளை எடுத்துவிட வேண்டியிருந்தது, எங்கேயும் பிரதி இல்லை. அந்த ஏழு இடத்திலும் 'இப்போது கிடைக்கவில்லை' என்று வெளிப்படையாகப் போட்டோம், ஐயா அப்படித்தான் வேண்டும் என்றார். அந்த ஆசிரியைக்கு ஒரு பிரதி அனுப்பினோம், ரம்மி வந்த அடிக்குறிப்பில் இப்போது 2012 பிரதி இருக்கிறது.

புத்தகத்தைக் கொடுக்க ஐயா வீட்டுக்குப் போயிருந்தபோது அவர் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பழைய டைரியை எடுத்தார். ஓய்வு பெற்ற புதிதில் ஊர்க்கோடி பிரவுசிங் சென்டருக்குப் போய் மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்துப் பார்த்த பக்கங்களின் முகவரிகளை நீல மையில், ஒவ்வொரு புள்ளியும் சாய்வுக் கோடும் பிசகாமல், எழுதி வைத்திருந்தார். நாலு பக்கம் இருந்தது. மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, அவர் எழுத்து எழுத்தாகச் சொல்ல நான் அடித்தேன். முதல் முகவரிக்கு ஒன்றும் இல்லை, இரண்டாவதுக்கும் இல்லை. மூன்றாவதுக்கு 2003-ல் ஒரே ஒரு நீல வட்டம் இருந்தது. "திறம்மா" என்றார்.